கூறியது கூறல்

மாலை ஆறு மணி எழுத்துப் பயிற்சி வகுப்புக்குத் தையல்காரி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவாள். நூலகத்தின் மாடிக்குப் பதினெட்டுப் படிகள். ஆறாவதிலும் பன்னிரண்டாவதிலும் நின்றுதான் ஏற முடியும். ஒன்பது ஆண்டுகளாக மூட்டுவாதம். சட்டை தைக்கும் கூடத்தில் காஜா எடுத்த விரல்கள் இப்போது பேனாவைக்கூடப் பிடிக்க முடியாமல் வீங்கியிருந்தன. பேனாவைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, தன் நோயின் கதையை எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுதச் சொல்லிக்கொடுத்தவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள். வரி வரியாகப் பென்சிலை ஓட்டிப் படிப்பாள். சொன்னதையே மறுபடி சொன்ன இடம் வந்தால் ஓரத்தில் 'கூ.கூ.' என்று குறிப்பாள். கூறியது கூறல். எழுத்தில் அது குற்றம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள்.

"என்ன டீச்சர், பக்கத்துக்குப் பக்கம் குயில் கூவுது?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோச்சுக்காதீங்கக்கா. காலையில விரல் மடங்கலன்னு மூணாம் பக்கத்துல இருக்கு. ஏழுல இருக்கு. பதினொண்ணுல திரும்ப வருது. கண்ணு வலின்னு வேற பல எடத்துல. ஒரு தடவ சொன்னா போதும்."

"தினமும் அப்படித்தானே டீச்சர் இருக்கு?"

"இருக்கும்க்கா. ஆனா படிக்கிறவங்களுக்கு அலுத்துடும்ல?"

அலுத்துடும். அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. அவள் கணவன் வீடு வீடாகப் போய் மின்சாரக் கணக்கு எடுப்பவன். தெருவில் அவனுக்கு 'மீட்டர்' என்றே பெயர். சாப்பிட்டபடியே, "நேத்தும் இதேதானே சொன்ன? ரீடிங் மாறவே இல்லியே" என்பான். கெட்டவன் அல்ல. மாத்திரை வாங்கி வருவான், தண்ணீர் பிடித்து வைப்பான். காதுகொடுத்துக் கேட்க மட்டும் அவனால் முடியவில்லை. தங்கை அதற்கும் ஒருபடி மேல். "இன்னிக்கு வலி எந்த எடம்க்கா?" என்று போனில் சிரிப்பாள்.

தையல்காரி ஒழுங்கானவள். குறி விழுந்த இடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அடித்துவிட்டு, மிச்சத்தைப் புது நோட்டில் எழுதினாள். டீச்சர் படித்துவிட்டு, "இப்பதான்க்கா ஓட்டம் வந்திருக்கு" என்றாள். ஒன்பது ஆண்டுகளில் அவள் வலிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்றிலிருந்து பேச்சிலும் சொன்னதையே சொல்வதை அவள் அடிக்கத் தொடங்கினாள். வீட்டில் முனகல் நின்றது. "இப்போ பரவால்ல போலிருக்கே" என்று மீட்டர் நிம்மதியானான்.

மாதாந்திரப் பரிசோதனையில் மருத்துவர் தலை நிமிராமல் கேட்டார். "புதுசா ஏதாவது தொந்தரவு?"

அவள் யோசித்தாள். இடது கண்ணில் வலி இருந்தது. ஆனால் அது புதிதல்லவே, போன மாதமே சொன்னதுதானே. சொட்டு மருந்துகூடக் கொடுத்தாரே.

"புதுசா ஒண்ணும் இல்ல சார். எல்லாம் பழசுதான்."

அவர் பழைய மருந்தையே எழுதினார். பன்னிரண்டாம் நாள் காலை, முகம் கழுவும்போது இடது கண்ணில் வெளிச்சம் இல்லை.

கண் மருத்துவமனையில் பரிசோதித்த டாக்டரம்மா கடிந்துகொண்டாள். "மூட்டுவாதமே கண்ணுக்கு ஏறிடுச்சும்மா. கருவிழி ஓரம் பூரா அரிச்சிருக்கு. முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இத்தன நாளா வலிக்கவே இல்லியா?"

"வலிச்சுது. சொன்னதையே சொல்லக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற மீட்டர் தரையைப் பார்த்தான்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் வீட்டுக்கு வந்தாள். கையில், வகுப்பிலேயே கிடந்த பழைய நோட்டு. வெகுநேரம் அதைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, ஒன்பது எடத்துல கண்ணப் பத்தி எழுதியிருக்கீங்க, தேதி போட்டு. மொதல்ல உறுத்தல். அப்புறம் செவப்பு. அப்புறம் வெளிச்சம் பட்டா குத்துதுன்னு. ஒவ்வொரு தடவையும் கூடிட்டே வந்திருக்கு. அது கூறியது கூறலே இல்லக்கா. நான் நடையத்தான் பாத்தேன், உங்களப் பாக்கல. அந்தக் குறியெல்லாம் அழிச்சுக் கொண்டுவந்திருக்கேன்."

"அழிச்சா கண்ணு வந்துடுமா டீச்சர்?"

தையல்காரி கட்டுப்போட்ட கண்ணை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு டீச்சரிடமும், கதவோரம் நின்ற கணவனிடமும் சேர்த்துச் சொன்னாள்:

"புஸ்தகத்துல அது குத்தமாவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா சீக்காளி ஒருத்தி பத்தாவது தடவ வலிக்குதுன்னு சொன்னா, அவளுக்குப் பத்தாவது தடவ வலிக்குதுன்னு அர்த்தம். உங்களுக்குக் கேட்டு அலுத்துப்போகும். அவளுக்கு வலி அலுத்துப்போயி விட்டுட்டுப் போகாது. பத்தாவது தடவையும் மொத தடவ மாதிரி கேளுங்க. நாங்க சொல்றத நிறுத்திட்டா சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அப்பதான் பயப்படணும்."