ஸ்பெஷல் டியூட்டி

யுத்த காலத்தில் திருவனந்தபுரத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு, சீனிக்குத் தட்டுப்பாடு. 'ஸ்பெஷல்' என்ற இங்கிலீஷ் வார்த்தை மட்டும் வேண்டிய மட்டும் கிடைத்தது. கிழக்கேகோட்டை ஓட்டலில் பால் கொஞ்சம் கூடுதலாக விட்டால் ஸ்பெஷல் காபி. நேற்றைய மாவில் வெங்காயத்தைத் தூவினால் ஸ்பெஷல் தோசை. கோவில் ஆராட்டு உற்சவத்துக்கு விடுவது ஸ்பெஷல் பஸ். பாதி வழியில் நின்றுபோனாலும் அதன் பெயர் அதுதான். கணக்கில் தோற்ற பையன்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ், ஊர்வலம் போகிறவர்களை அடிக்க ஸ்பெஷல் போலீஸ். உசத்தியா மட்டமா என்று அந்த வார்த்தை சொல்லாது. மற்றதைப் போல இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

வலியசாலை அக்ரஹாரத்தில் லலிதாம்பாள் அந்த வார்த்தையைச் சந்தேகப்பட ஆரம்பித்தது புரட்டாசியில். அவள் புருஷன் சாம்பசிவன் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் ஐந்துக்குள் வீட்டுக்கு வந்து காபி கேட்கிறவன், திடீரென்று வாரத்தில் இரண்டு நாள் விளக்கு வைத்த பிறகு வந்தான்.

"ஏன் இத்தனை நாழி?"

"ஸ்பெஷல் டியூட்டி."

"அப்படீன்னா?"

"ஸ்பெஷல் டியூட்டின்னா ஸ்பெஷல் டியூட்டிதான். உனக்குச் சொன்னாப் புரியாது."

லலிதாம்பாளுக்கு வேறு ஒன்று நன்றாகவே புரிந்திருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம், வீட்டில் குழந்தை இல்லை. மாமியார் பாகீரதி சொன்னபடி அவள் அரசமரத்தைச் சுற்றினாள், நாகருக்குப் பால் விட்டாள், குடலைப் புரட்டும் கஷாயங்களைக் குடித்தாள். இப்போது பாகீரதி வடிவீஸ்வரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். ஐந்து பெண்களில் மூத்தவள். இரண்டாந்தாரமாகக் கொடுக்க அவர்களுக்குச் சம்மதம். பெண் பார்க்க ஐப்பசியில் போவதாகப் பேச்சு. "உன் இஷ்டம்மா" என்று சாம்பசிவனும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண் இந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் லலிதாம்பாளுக்கு ஒன்று சமையலறை மூலை, இல்லையென்றால் கல்லிடைக்குறிச்சியில் அண்ணா வீடு. அண்ணா நல்லவர்தான். மன்னி அப்படியில்லை.

அதனால் எல்லாவற்றையும் மோந்து பார்த்தாள். டியூட்டி நாளில் அவன் வெளுத்த வேஷ்டிதான் கட்டினான். சட்டையில் பினாயில் வாடை அடித்தது. அதைவிட மோசம், காரணமே இல்லாமல் ஒருநாள் அவளுக்கு இரண்டு முழம் பூ வாங்கி வந்தான். எட்டு வருஷத்தில் இல்லாத பிரியம் இப்போது எங்கிருந்து முளைத்தது? பெண் வீட்டாரை ஊருக்கே வரவழைத்து, யார் வீட்டிலோ வைத்துப் பேசி முடிக்கிறானோ? அல்லது இவனாகவே பிடித்த வேறு எவளோ? பூவை வாங்கிச் சுவாமி படத்துக்குச் சாத்தினாள். தன் தலையில் வைக்க மனம் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பியூன் தாசையன் குடையோடு வாசலில் வந்து நின்றான். சாம்பசிவன் மறந்து வைத்துவிட்டுப் போன குடை.

"சார் ஸ்பெஷல் டியூட்டியிலன்னா இருக்கார்? அவர்கிட்டயே கொடுத்திருக்கலாமே" என்றாள் லலிதாம்பாள்.

தாசையன் சிரித்துவிட்டான். "நம்ம ஆபீஸில ஸ்பெஷல் டியூட்டியா? உள்ள டியூட்டிக்கே வேலை இல்ல அம்மா. சாரு நாலு மணிக்கே இறங்கியாச்சு. ரெண்டு மூணு தடவை புளிமூட்டுல, டாக்டர் சத்தியதாஸ் ஆஸ்பத்திரி வாசல்ல கண்டிருக்கேன்."

ஆஸ்பத்திரி என்றதும் அவளுக்கு முதலில் தோன்றியது நர்ஸ். பினாயில் வாடைக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. கோவிலுக்கு என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கையும் களவுமாகப் பிடித்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் நாலைந்து ஆண்கள். அவளைக் கண்டதும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"பெண்ணுங்களுக்குக் காலையிலயாக்கும்" என்றான் கம்பவுண்டர். "சாயங்காலம் ஸ்பெஷல் கேஸ் மாத்திரம்."

இங்கேயும் அந்தச் சனியன் பிடித்த வார்த்தை. இது என்ன ஸ்பெஷல், எந்தச் சீக்கை எவளிடமிருந்து வாங்கி வந்தான் என்று அவள் நினைத்தபோது உள் கதவு திறந்தது. சாம்பசிவன் வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பின்னாலேயே டாக்டர்.

"இவங்கதானா வீட்டுல? வந்தது நல்லதாப் போச்சு" என்று டாக்டர் இருவரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். "ஓணத்துக்கு முந்தியே சொன்னேன் இல்லியா சார், இவங்ககிட்டச் சொல்லுங்கன்னு? அம்மா, குழந்தை உண்டாகாததுக்குக் குறை இவருக்குத்தான். ரெண்டு தடவை பரிசோதிச்சாச்சு. ஊசி போட்டுப் பாக்கிறேன், ஆனா நம்பிக்கை தர மாட்டேன். நீங்க கண்ட மருந்தையும் குடிச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க."

லலிதாம்பாளுக்கு முதலில் வந்தது நிம்மதி. வேறு எவளும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. தம்பானூர் வரை அந்த நிம்மதியோடுதான் அவன் பின்னால் நடந்தாள். சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையும்போது அது போய்விட்டது.

"ஓணத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"அப்புறமும் நான் கஷாயம் குடிச்சேன். பார்த்துண்டுதானே இருந்தேள்?"

அவன் நடையை எட்டிப் போட்டான்.

"வடிவீஸ்வரத்துப் பொண்ணுக்கு எதுக்குச் சரின்னேள்?"

"வேண்டாம்னா அம்மா காரணம் கேப்பாளே. என்னன்னு சொல்றது?" என்றான் சாம்பசிவன் முணுமுணுப்பாக.

அவளுக்கு நடுத்தெருவில் கத்தவேண்டும் போல இருந்தது. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, முகம் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டத் துணிந்திருக்கிறான். அவன் வேறொருத்தியை ஆசைப்பட்டிருந்தால்கூட இத்தனை அருவருப்பாக இருந்திருக்காது. நாளைக்கு அந்தப் பெண்ணும் அரசமரத்தைச் சுற்றுவாள்.

வீட்டுக் கூடத்தில் பாகீரதியும் பக்கத்து வீட்டு வடிவாம்பாளும் வேறு இரண்டு மாமிகளும் உட்கார்ந்து, பெண் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாம்பசிவன் கால் அலம்பிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது போலக் காபி கேட்டான்.

லலிதாம்பாள் அசையவில்லை. "அம்மா, வடிவீஸ்வரத்துக்கு நானும் வரேன்" என்றாள். "பொண்ணோட அம்மாகிட்ட எனக்கு ஒரு விஷயம் பேசணும்."

"நீ எதுக்குடி? உனக்கு என்ன விஷயம் அங்க?"

"அவரைக் கேளுங்கோ. அவர் சொல்லாட்டா அங்க வந்து நான் சொல்றேன்."

எல்லார் கண்ணும் அவன் பக்கம் திரும்பியது. சாம்பசிவன் தணிந்த குரலில், "அம்மா, உள்ள வா. ஒண்ணு சொல்லணும்" என்று உள்ளே போகத் திரும்பினான்.

லலிதாம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

"உள்ள எதுக்கு? இங்கயே சொல்லுங்கோ. என்னை மலடின்னு இவா உள்ள கூப்பிட்டு வச்சா சொன்னா?"