ராய்ஸ் வீட்டுக் கதவில் ஜூனியின் உயரம்

ஏழு வயது நடந்த பிப்ரவரியில் ஜூனி வளர்வது நின்றது. அடுத்த மாதம் அவளுடைய உயரம் மாமன் ராய்ஸ் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடாக ஏறத் தொடங்கியது. கோடு போட்டவர் யாருமில்லை. பக்கத்தில் தேதி இருந்தது. அந்தக் கையெழுத்து வீட்டில் ஒருவருடையதும் அல்ல. பனிப்புயலில் மின்கம்பி அறுந்து இரண்டு நாள் வெளிச்சமில்லாமல் கிடந்த வாரம் அது என்பதால், பைன் ஃபோர்க் பள்ளத்தாக்கில் பலருக்கும் அது நினைவிருக்கிறது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜூனியின் அம்மா டெல்ஃபா இரண்டு தேவாலயங்களைக் கூட்டித் துடைத்து அதற்கு முந்தைய வருடம் முழுக்கச் சம்பாதித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது டாலர். ஜூனியின் அப்பா டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்று வேலை என்று போனவன், போனவன்தான். தாயும் மகளும் டெல்ஃபாவின் அண்ணன் ராய்ஸ் வீட்டுக்குப் பின்னால், சக்கரம் கழற்றிய டிரெய்லர் வீட்டில் குடியிருந்தார்கள். ராய்ஸ் ஜல்லி லாரி ஓட்டினான், ஒழுங்கான சம்பளக்காரன். சம்பளம் இல்லாதவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சம்பளம் உள்ள உறவினரின் வரிப் படிவத்தில் எழுதவைத்து, பிள்ளைக்காக அரசாங்கம் திருப்பித் தரும் வரிப் பணத்தில் பாதி வாங்கிக்கொள்வது அந்தப் பள்ளத்தாக்கில் காலம்காலமாக நடக்கும் ஏற்பாடு. "இந்த வருஷம் உன் பிள்ளை யார் பேர்ல?" என்று பெட்ரோல் போடும் இடத்தில் குசலம் விசாரிப்பதுபோல விசாரித்துக்கொள்வார்கள்.

படிவம் எழுதுகிறவள் வான்டா. தூண்டில் சாமான் கடையின் பின்மேசையில், புழு டப்பாக்களைத் தள்ளிவைத்துவிட்டு ஏப்ரல் வரை உட்கார்ந்திருப்பாள். அந்தப் பிப்ரவரியில் டெல்ஃபாவின் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். "இதை வெச்சுக்கிட்டு பிள்ளையை உன் பேர்ல எழுதினா பேருக்கு ஏதோ வரும் கண்ணு. பிள்ளைக்குன்னு குடுக்குற பெரிய தொகை வராது. அதுக்கு நீ கொஞ்சமாவது சம்பாதிச்சிருக்கணும்."

"அப்ப என் பேர்ல போடு," என்றான் ராய்ஸ். "பாதி அவளுக்கு. பிள்ளையை நானா தூக்கிட்டுப் போகப்போறேன்? அது பாட்டுக்கு அவகூட இருக்கட்டும்."

பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது என்று வான்டா கேட்டாள். கேட்டாக வேண்டிய கேள்வி அது. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே தபால் பெட்டிதான்," என்றான் ராய்ஸ். அது உண்மை. வான்டா எழுதிக்கொண்டாள்.

முதல் வருடம் ராய்ஸ் எண்ணூறு டாலர் கொடுத்தான். எரிவாயு உருளை நிறைந்தது, ஜூனிக்குப் பனிக்கால பூட்ஸ் வந்தது. அந்த பூட்ஸ் மறு வருடமும் சரியாக இருந்தது, அதற்கடுத்த வருடமும் சரியாக இருந்தது. டிரெய்லர் கதவில் டெல்ஃபா போட்டிருந்த நாற்பத்தேழு அங்குலக் கோட்டுக்கு மேல் ஜூனி மயிரிழைகூட ஏறவில்லை. டாக்டர் சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும் என்று சொல்லிப் பால் குடிக்கச் சொன்னார். பால் ராய்ஸ் வீட்டில்தான் குறைந்தது. வாரத்துக்கு இரண்டு கேன், மூடி திறக்காமலேயே. "உன் மக என் பாலை எல்லாம் காலி பண்றா," என்று அவன் முற்றத்தில் நின்று கத்துவான். அந்த நேரம் ஜூனி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மக்காச்சோள ரொட்டியைப் பீன்ஸ் சாற்றில் தொட்டுத் தின்றுகொண்டிருப்பாள்.

இரண்டாம் வருடம் லாரிக்கு டயர் மாற்றியதாகச் சொல்லி முந்நூறு கொடுத்தான். மூன்றாம் வருடம் ஒரு பன்றித் தொடை. டெல்ஃபா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பேசினது பாதி, ராய்ஸ்."

"ஷூ செலவு மிச்சம், சட்டை செலவு மிச்சம். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அன்றுதான் டெல்ஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணம் போனால் போகட்டும், பிள்ளை தன் பேருக்குத் திரும்பி வரவேண்டும் என்று முடிவு செய்தாள். பக்கத்து மாவட்டத்தில் கோழி வெட்டிப் பொட்டலம் கட்டும் ஆலையில் சேர்ந்து, குளிரில் விரல் மரத்துப்போக நின்று, வருடக் கடைசியில் பதினோராயிரம் டாலர் சம்பளச் சீட்டோடு வான்டாவின் மேசைக்கு வந்தாள். ராய்ஸ் அவளை முந்திக்கொண்டிருந்தான். ஜனவரியில் வரி அலுவலகம் படிவம் வாங்க ஆரம்பித்த முதல் நாளே தன்னுடையதை அனுப்பியிருந்தான். இந்தப் பிள்ளை ஏற்கெனவே வேறொருவர் படிவத்தில் இருக்கிறது என்று, கணினியில் அனுப்பிய டெல்ஃபாவின் படிவம் திரும்பி வந்தது. வான்டா அதையே மறுபடி காகிதத்தில் எழுதித் தபாலில் போட்டாள்.

பிள்ளை எங்கே வாழ்ந்தது என்று நிரூபிக்கச் சொல்லி வரி அலுவலகத்திலிருந்து ஒரே தபால் பெட்டிக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. டெல்ஃபா பள்ளிக்கூடச் சான்றும் தடுப்பூசி அட்டையும் அனுப்பினாள். ராய்ஸ் கதவு நிலையின் வலப்பக்கச் சட்டத்தைப் பெயர்த்தெடுத்து, பழைய போர்வையில் சுற்றிப் பார்சல் போட்டான். "அவ என் வீட்ல வளர்ந்தவ. கோட்டைப் பாத்துட்டுச் சொல்லட்டும்," என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் டெல்ஃபாவைச் சுட்டது.

அக்டோபரில் முடிவு வந்தது. பிள்ளை தாயோடுதான் வாழ்ந்தது என்று எழுதியிருந்தார்கள். ராய்ஸ் வாங்கியதை அபராதத்தோடு கட்டவேண்டும். கதவுச் சட்டமும் திரும்பி வந்து தபால் பெட்டியில் சாய்ந்து நின்றது. மறுநாள் காலை, கிண்ணத்தில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தபோதே, ஜூனி ஒன்பது அங்குலம் வளர்ந்தாள். சட்டை தோளில் கிழிந்தது, பூட்ஸ் வாய் பிளந்தது, மூன்று நாள் மூட்டு வலியில் அழுதாள். டெல்ஃபா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது பதினொரு வயதுப் பெண்ணின் முகம். எட்டு வயது முகத்தையும் ஒன்பது வயது முகத்தையும் பத்து வயது முகத்தையும் அவள் பார்க்கவே இல்லை. அவை ராய்ஸின் சமையலறையில் நடந்து முடிந்திருந்தன. அந்த முகங்கள் எப்படி இருந்தன என்று அவனிடம் போய்க் கேட்டும் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும், பால் விலைதான் தெரியும்," என்றான் அவன்.

கிடைத்த பணத்தில் ஜூனிக்கு நீலக் கோட்டு ஒன்று வாங்கினாள். மறு வருடம் பிறந்ததும் கோழி ஆலையை மூடிவிட்டார்கள். டெல்ஃபா பழையபடி துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். எரிவாயு உருளை காலியானபோது தாயும் மகளும் ராய்ஸ் வீட்டுப் பின்னறைக்குக் குடிபோனார்கள். அடுத்த ஜனவரியில் ராய்ஸ் அறை வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"இப்ப என் வீட்லயே இருக்கீங்க. என் சம்பளம்தான் பெருசு. நீ எழுதாம விட்டா நான் எழுதலாம், தப்பே இல்லைன்னு வான்டாவே சொல்லிட்டா. மூணுல ஒரு பங்கு தரேன். பாலுக்குப் பிடிச்சுக்குவேன்."

அந்த மாதம் டெல்ஃபாவிடம் இருந்தது நாற்பத்தொரு டாலர். ஜூனி நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள், கையை நீட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள்.

"எழுதிக்கட்டும்மா. எனக்கு இந்த உயரம் போதும். கோட்டு இன்னும் பல வருஷம் வரும்."

டெல்ஃபா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, வான்டாவின் மேசைக்குப் போனாள்.

ராய்ஸ் கதவுச் சட்டத்தைப் பழைய இடத்திலேயே நான்கு ஆணி வைத்து அடித்தான். மார்ச்சில் புதுக் கோடு வந்தது. பள்ளிப் பேருந்துக்குக் கிளம்பும்போது ஜூனி அந்தக் கதவடியில் ஒரு கணம் நிற்பாள். நிமிர்ந்து, தான் இப்போது எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள்வாள். பிறகு நீலக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போவாள்.