வாடை நின்றபோது

பாசியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. மாடியில் பச்சைத் தண்ணீர்த் தொட்டிகள், கீழ்த்தளத்தில் காற்றுப் புகாத சேற்றுத் தொட்டிகள். வடிந்து வரும் பாசியைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும்போது மின்சாரம் பிறக்கும். அங்கே அண்ணி இன்ஜினியர். அவளுக்குக் கூடமாட வேலை செய்பவள் நாத்தனார்.

அன்று மத்தியானம் ஒரு தொட்டியில் மின்சாரம் அறவே நின்றுபோனது. "மூடியைத் தொறந்து கம்பியைப் பாத்துட்டு வரேன்" என்று அண்ணி கீழே போனாள்.

படிக்கட்டு வழியே அழுகிய முட்டை வாடை ஏறி வந்தது.

"அண்ணி, குடலைப் புடுங்குது!"

"சேறு பின்ன சந்தனமாவா மணக்கும்?"

நாத்தனார் சிரித்துக்கொண்டே இறங்கினாள். பாதிப் படியில் வாடை சட்டென்று நின்றது. அப்பாடா என்று மூச்சை இழுக்கப் போனவள் அப்படியே உறைந்தாள். சேற்றிலிருந்து கிளம்பும் அந்த நச்சு வாயு முதலில் மூக்கைக் கொல்லும், பிறகுதான் ஆளை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

மூச்சை அடக்கி எட்டிப் பார்த்தாள். அண்ணி தொட்டியோரம் சரிந்து கிடந்தாள்.

கால்கள் உள்ளே பாயத் துடித்தன. பாய்ந்தால் தானும் விழுவாள். மேலே ஓடி அபாய மணியை அழுத்தினாள். காற்றை வெளியே தள்ளும் ஃபேனின் சுவிட்சைத் தட்டினாள். சுற்றவில்லை. நின்றுபோன அந்தத் தொட்டியின் மின்சாரத்திலேயே ஓடட்டும் என்று பெருமைக்கு மாட்டியது அது.

மணி கேட்டு வந்த காவலாளி படியை நோக்கி ஓடினார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போகாதீங்கண்ணே! போனா ரெண்டு பொணம்!"

"அதுக்காக வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

நாத்தனார் சுவரில் தொங்கிய காற்று சிலிண்டரை முதுகில் ஏற்றி, முகமூடியை மாட்டினாள். அவசரத்தில் வார் கொக்கியில் ஏறவில்லை, காவலாளிதான் இறுக்கிவிட்டார். ஒரு கயிற்றின் முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். கீழே முகமூடிக்குள் அவள் மூச்சே அவளைப் பயமுறுத்தியது, யாரோ பின்னால் நின்று இரைப்பதுபோல. அண்ணியின் அக்குளில் கயிற்றைக் கட்டினாள். மேலிருந்து அவர் இழுக்க, இவள் கீழிருந்து தள்ளினாள். அண்ணனிடம் என்ன சொல்வேன், என்ன சொல்வேன் என்பதே மண்டைக்குள் ஓடியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணி கண் திறந்தாள்.

"நேரா உள்ள வந்துட்டியோன்னு..."

"இல்ல அண்ணி. கொஞ்ச நேரம் வெளியவே நின்னுட்டேன்." சொல்லும்போதே நாத்தனாருக்கு அழுகை முட்டியது.

"நின்னியே, அதான் நல்லது."

ஃபேனுக்குத் தனி இணைப்பும் வாயு எச்சரிக்கைக் கருவியும் வந்தபிறகு கீழ்த்தளத்தை மறுபடி திறந்தார்கள். அண்ணி முன்னால் இறங்கி, "வா" என்றாள். நாத்தனார் கைப்பிடியைப் பற்றியபடி முதல் படியிலேயே நின்றாள். அடுத்த அடி எடுத்து வைக்கக் கால் வரவில்லை.

அண்ணி திரும்பி ஏறி வந்து, அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வேணாம்" என்றாள்.