காற்றுக்கு எட்டு மதிப்பெண்

பெரியவளுக்கு வேலையே ஊர் சுற்றுவதுதான். வீடு, மனை பற்றி எழுதும் பத்திரிகை ஒன்று வருடத்துக்கொரு முறை நகரங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள புறநகர்களையும் ஒப்பிட்டுப் பட்டியல் போடும். வீடு என்ன விலை, வாடகை எவ்வளவு, வேலைக்குப் போக எத்தனை நிமிடம், தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும், காற்று எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மதிப்பெண். அதற்காக நாற்பது இடங்களில் தெருத்தெருவாக நடந்து விசாரித்து எழுதுகிறவள் அவள். அலுவலகத்தில் இடங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

பதினேழாம் எண்ணுக்கு அவள் போனது ஒரு புதன்கிழமை. அகலமான தெருக்கள், புதிதாக எழும்பிய அடுக்குமாடிகள், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், நகரத்து விலையில் பாதி. இதைத்தானே எல்லாரும் தேடுகிறார்கள் என்று நினைத்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். மாலை நாலரைக்குக் காற்று திசை மாறியது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எலும்பு காய்ச்சிப் பசை எடுக்கும் ஆலை. அதன் வாடை தொண்டையில் எண்ணெய் மாதிரி படிந்தது. மாடிகளில் பெண்கள் அவசரமே இல்லாமல் துணிகளை உருவிக்கொண்டு உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்தினார்கள். தினம் நடக்கிற காரியம் போலிருந்தது. காற்றுக்கு இரண்டு போட்டாள்.

பொறுப்பாசிரியர் கூப்பிட்டனுப்பினார். சத்தம் போடுகிற மனிதர் அல்ல. பதினேழில் கட்டடம் கட்டுகிறவர்களின் விளம்பரம் அந்த இதழில் இரண்டு பக்கம் வருகிறது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆலை வாரம் முழுக்க ஓடுவதில்லையாம், ஒரு மாலைப்பொழுதை வைத்து ஒரு ஊரையே மதிப்பிடுவது நியாயமில்லையாம்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஒருவாட்டி போயிட்டு வாங்க. பொய் எழுதச் சொல்லலம்மா. உங்க மூக்குக்கு என்ன தெரியுதோ அதை எழுதுங்க."

ஆறு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரம் செய்யும் கோப்பு அவர் மேசையில்தான் கிடந்தது. ஞாயிறு காலை போனாள். துவைத்துக் காயப்போட்ட துணிகளின் சோப்பு வாசனைதான் வந்தது. எட்டு போட்டாள். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. முகர்ந்ததைத்தானே எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நாள் அது போதுமானதாகவும் இருந்தது.

அவள் தங்கை, சின்னவள், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். கணவர் பேருந்து ஓட்டுநர். ஆறு வயதில் ஒரு பெண். நகரத்தின் நடுவே ஒற்றை அறை. அடுப்பங்கரையைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். சம்பளத்தில் பாதி அந்த அறைக்கே போனது. இரண்டு வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் இடம் இடமாக ஒப்பிட்டுப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தால் விலை எட்டவில்லை, எட்டுகிற விலைக்குப் போனால் தண்ணீர் இல்லை. நாள் பூராவும் பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போக இன்னொருத்தன் பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான் என்று அவர் சிரிப்பார்.

பட்டியலில் பதினேழு நான்காம் இடத்தில் வந்தது. அன்று மத்தியானமே சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, நீயே நேர்ல போய்ப் பாத்ததுதானே இது?"

"ஆமா, நான்தான் போனேன்."

"காத்துக்கு எட்டு போட்டிருக்கே. நெசமாவே நல்லாருக்கா?"

பொறுப்பாசிரியர் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். அது மட்டும் காரணமில்லை. இரண்டு என்று சொன்னால், எட்டு எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டிவரும். அக்கா பரீட்சையில்கூடப் பக்கத்துப் பேப்பரைப் பார்க்காதவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் சின்னவள். பெரியவள் மென்று விழுங்கினாள்.

"எதுக்கும் ஒருதடவை போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

எச்சரித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். அவர்களும் போய்ப் பார்த்தார்கள், ஓட்டுநருக்கு விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில்.

இருந்த நகையை விற்று, பதினெட்டு வருடக் கடனில் மூன்றாம் மாடியில் வீடு வாங்கினார்கள். பதிவுக்கு முந்தின நாள் சொல்லிவிடுவது என்று பெரியவள் போன் போட்டாள். திரைச்சீலைக்கு என்ன நிறம் எடுப்பாக இருக்கும் என்று பேசிவிட்டு வைத்தாள்.

ஐந்து மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. குழந்தைக்கு இழுப்பு வந்திருக்கிறது என்று கேட்ட பிறகு இருக்க முடியவில்லை. போனாள். ஜன்னல் இடுக்கெல்லாம் பழுப்பு நாடா ஒட்டியிருந்தது. அப்படியும் வாடை உள்ளே வந்தது, சோற்றில்கூட இருந்தது. குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியும், நீயும் எங்களை மாதிரி நல்ல நாளாகப் பார்த்து வந்திருப்பாய் என்று அக்காவுக்கே சமாதானம் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பெரியவளுக்கு.

சாயங்காலம் மருந்து வாங்க இருவரும் முக்குக் கடைக்குப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் பெரியவளை உற்றுப் பார்த்தார்.

"நீங்க போன வருஷம் நோட்டும் கையுமா வந்தவங்கதானே? நாத்தம் தாங்காம இந்தப் படியிலயே உக்காந்துட்டீங்களே. நான்தான் தண்ணி குடுத்தேன்."

சின்னவள் மருந்தை வாங்கினாள், மீதிச் சில்லறையை வாங்கினாள், நடந்தாள். வீட்டுப் படிக்கட்டின் கீழே வந்து நின்றாள்.

"அன்னிக்கு எத்தனை போட்ட?"

"ரெண்டு."

சின்னவள் தலையை ஆட்டினாள். அழுவாள், இல்லையென்றால் கை ஓங்குவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். நடந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிட வாயெடுத்தாள். சின்னவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் எனக்கு வேணாம். இந்த வருஷமும் எட்டே போடு. மதிப்பெண் இறங்குச்சுன்னா இதை எவன் வாங்குவான்? நாங்க வித்துட்டுப் போனதுக்கப்புறம் நீ என்ன வேணா எழுதிக்கோ."

குரலில் கோபம்கூட இல்லை. பெரியவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அந்த வருடமும் எட்டு போட்டாள். அலுவலகத்தில் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பட்டியல் வந்த மாதமே, கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி வீட்டைப் பார்க்க வந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வரச் சொன்னாளாம் சின்னவள். நாடாக்களை உரித்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, காபி போட்டுக் கொடுத்து, காற்றோட்டமான வீடு என்று சொன்னாளாம். இதை ஒரே மூச்சில் போனில் சொல்லிவிட்டு வைத்தாள். பழைய தெருவுக்கே திரும்பி, முன்பைவிடச் சின்ன அறைக்கு முன்பைவிட அதிக வாடகை கொடுத்து இருக்கிறார்கள் என்பது பெரியவளுக்கு வேறு ஆட்கள் மூலமாகத்தான் தெரிந்தது. போய்ப் பார்க்கவில்லை. சின்னவளும் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்துப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது. பதினேழாம் எண் ஊரிலிருந்து, அதே மூன்றாம் மாடி வீடு. குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, உங்கள் ஆட்கள் உண்மையிலேயே இங்கே வந்து பார்த்தார்களா என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். பொறுப்பாசிரியர் அதைப் பெரியவளின் மேசையில் வைத்து, நாலு வரியில் பதில் போடச் சொன்னார். அவள் தட்டச்சு செய்தாள். எங்கள் களப்பணியாளர் நேரில் ஒன்றுக்கு இரண்டு முறை சென்று பார்த்த பிறகே மதிப்பெண் வழங்கப்பட்டது. தங்கள் நம்பிக்கைக்கு நன்றி.

எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.