சிராஜுக்கு ஒரு பாய் அகலம்

இசக்கிதுரை வேலையை விட்டு நெருளுக்குப் போன திங்கட்கிழமை, தாராவி தொண்ணூறடி ரோட்டுச் சந்திலிருந்த ஆபிதாவின் டிசைன் கூடம் ஒரு பாய் அகலம் சுருங்கியது. பக்கத்து அறை நூர் நிஷா, சுவர் விலகிக் கொடுத்த இடத்தில் அன்று மதியமே தையல் மெஷினைப் போட்டுவிட்டாள். கூடத்தின் சொந்தக்காரர் வாடகையைக் குறைக்கவில்லை. சந்தில் இதைப்பற்றி வேறு பேச்சு எழவில்லை.

கூடம் வளர்ந்ததும் அப்படித்தான். ஆபிதா படம் வரைபவள். மரத்தில் உருவம் செய்யும் இசக்கிதுரை சேர்ந்தபோது, வாசலுக்கு வந்த ஒருவரிடம், "இது இசக்கிதுரை அண்ணன், மரவேலை எல்லாம் இவங்கதான்" என்றாள். சொல்லி வாய் மூடுமுன் சுவர் நகர்ந்தது. கட்டடக் கலை படித்த விஜயலட்சுமி மாட்டுங்காவிலிருந்து வந்தபோதும் அப்படியே. நிறமும் இட அளவும் அவள் பொறுப்பு. பள்ளிகளுக்கு மேசை, பொம்மை, சுவர்ப்படம் என்று சேர்ந்து செய்தார்கள். நான்காவது ஆள், முதலிலிருந்தே கூட இருந்த ஆபிதாவின் கணவன் சிராஜ், தோல் வெட்டுபவன். அவனுக்காக மட்டும் சுவர் நகரவே இல்லை. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே இடம் போதும்போல என்று ஆபிதா எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷமாக அவன் வாசற்படியில்தான் உட்கார்ந்து வெட்டினான். மழைக்காலத்தில் குடையைத் தோளில் இடுக்கிக்கொள்வான்.

பிறகு வேலை வருவது நின்றது. விஜயலட்சுமியும் அழுதுகொண்டே போனாள்; இன்னொரு பாய் அகலம் போயிற்று. ஆபிதா வரையக் கையை வீசினால் இரண்டு பக்கமும் சுவர் இடித்தது. இனி வழியில்லை என்று சிராஜ் வெள்ளிக்கிழமைக்கு ஷார்ஜா டிக்கெட் எடுத்தான்.

"நான் போனா எந்தச் சுவரும் அசையாது புள்ள. டென்ஷன் ஆகாத" என்றான். கேலி என்று நினைத்து அவள் சிரித்தாள். அதன்பின் சோறு இறங்கவில்லை.

வியாழனன்று, குழந்தைகள் வார்டை வடிவமைக்க ஆள் தேடிச் செம்பூரிலிருந்து டாக்டர் அகிலாண்டம் வந்தார். சிராஜைத் தாண்டி, உடம்பை ஒடுக்கி நுழைந்து உட்கார்ந்து, "உங்க டீம் எங்கம்மா?" என்றார்.

ஆபிதா போனவர்களையெல்லாம் இருப்பவர்களாகச் சொன்னாள். பொய்க்குச் சுவர் அசையவில்லை.

"வாசல்ல இருக்கறவர்?"

"அது... எங்க வீட்டுக்காரங்க."

சிராஜ் கத்தியை மடக்கிப் பையில் போட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். வந்தவர் அத்தனை பேரிடமும் அவனைப் பேரில்லாமல், வேலையில்லாமல்தான் காட்டியிருந்தாள்.

"சிராஜ்" என்றாள். "அவங்க பேரு சிராஜ். தோல் வேலை அவங்கதான். அவங்க தோல்ல வெட்டுன ஒரு யானைய வச்சுத்தான் டாக்டர், நாங்க இந்தக் கம்பெனியே ஆரம்பிச்சோம்."

சுவர் நகர்ந்தது.

"ஏட்டி ஆபிதா, எம் மெஷின எங்கட்டி தள்ளுத?" என்று அந்தப் பக்கமிருந்து நூர் நிஷா கத்தினாள். டாக்டர் கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்து, இப்போது காற்று வருகிறது என்றார். வார்டு வேலை வேறு யாருக்கோ போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த சிராஜ், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கூடத்தின் நடுவே கை காலை விரித்துப் படுத்தான். விமான நேரம் நெருங்கியபோது ஷார்ஜா டிக்கெட் போட்ட ஏஜெண்டின் ஆள் தேடி வந்தான். ஆபிதா வரைவதிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சிராஜ் தூங்குறாங்க. அப்புறமா வாங்க" என்றாள்.