ஒன்பதாம் எண்ணின் கையெழுத்து

அந்த வாரம் ரசிகர்களுக்குத் தபாலில் போக வேண்டிய சட்டைகள் அறுபத்திரண்டு. எல்லாவற்றின் முதுகிலும் ஒன்பது. உடைமாற்றும் அறைக்குப் பின்னாலிருந்த மேசையில் உட்கார்ந்து, கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன் மார்க்கரை உதறி உதறிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய கையெழுத்தல்ல, அணிக்குக் கோல் அடித்துத் தரும் ஒன்பதாம் எண் கோல்காரனுடையது. மூன்று வருடத்துக்கு முன்பு மணிக்கட்டில் கட்டோடு வந்து, "மச்சான், இந்த ஒரு தடவை நீயே போட்டுடுடா" என்றான் அவன். கட்டு அவிழ்ந்தும் அந்த ஒரு தடவை இன்னும் முடிந்தபாடில்லை.

இருவரும் ஒரே நாளில் அணிக்கு வந்தவர்கள். ஒரே அறையில் படுத்து, ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தவர்கள். இன்று கோல்காரன் தும்மினாலே செய்தி. இவனை உள்ளே எல்லோரும் 'செவுரு' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்; சுவரின் பெயரில் யார் சட்டை வாங்குவார்கள்? போன சீசனில் இவன் எண் போட்ட சட்டை ஒன்றே ஒன்று விற்றது. வாங்கியவள் இவன் தங்கச்சி. பொறாமை என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அது என்ன கண்றாவி உணர்ச்சியோ, அவனுக்கே பிடிபடவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்தவனை மைதான வாசலில் ஒரு லாரி டிரைவர் மறித்தார். பையிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்து விரித்தார்.

"தம்பி, நீங்க உள்ள வேலை பாக்கறவர்தானே? இது தபால்ல வந்தது. இது நேத்து அவரே பஸ் ஏறும்போது போட்டுக் குடுத்தது. என் பொண்ணு நேத்து வாங்கினதைப் போலிங்கிறா. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன் தம்பி! ஆனா கடையில தொங்கற எல்லாத்துலயும் தபால்ல வந்த மாதிரிதான் இருக்கு. எது அசல்?"

நேற்றையது ஒரே கோணல். பாவி, தன் கையெழுத்தையே மறந்துவிட்டான். உண்மையைச் சொன்னால் இந்த ஒரு மனிதராவது இவனை அறிந்துகொள்வார். அந்த ஆசை தொண்டைவரை வந்தது. சொன்னால் நண்பனின் மானம் கப்பலேறும், கூடவே இவனுடையதும்.

"தபால்ல வந்ததுதாங்க அசல்," என்றான். சொன்னது பொய்தானா என்று அவனுக்கே குழம்பியது.

டிரைவரின் முகம் மலர்ந்தது. பிறகுதான் அவன் முழங்கால் கட்டைக் கவனித்தார். "அடடா, நீங்களும் ஆடுறவரா! மன்னிச்சுக்குங்க, தெரியாமப் போச்சு. இதுலயே உங்க கையெழுத்தும் ஒண்ணு போடுங்க. அவரு பக்கத்துலயே."

இப்படி ஒருவர் கேட்டு எத்தனை நாளாயிற்று! சின்னப் பிள்ளை போலச் சந்தோஷம் பொங்கியது. மார்க்கரைத் திறந்து துணியில் வைத்தான். கை தன்பாட்டுக்குக் கோல்காரனின் கையெழுத்தைச் சுழிக்கப் பார்த்தது, பிடித்து நிறுத்தினான். தன்னுடையது எங்கிருந்து தொடங்கும்? மேலிருந்தா, கீழிருந்தா?

"மை வரலையா தம்பி?"

மை வந்துகொண்டுதான் இருந்தது. கை நின்ற இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி துணியில் ஊறி, மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.