கதவுக்குச் சீற் இல்லை

கடிதம் அரசாங்கத் தமிழில் வந்திருந்தது. இராணுவ முகாமுக்குள் அகப்பட்ட காணி வெள்ளிக்கிழமை விடுவிக்கப்படுகிறது. காணி உறுதிப் பத்திரம் இல்லாதோர் தகுந்த வேறு ஆதாரத்துடன் பகல் பன்னிரண்டு மணிக்குள் காணியில் நிற்கவேண்டும். தவறினால் அது உரிமையாளரற்ற காணியாகக் கொள்ளப்படும். பதினாறு வருடம் காணியைப் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு, காணிக்காரர் மயில்வாகனத்தார் பத்து நிமிடம் பிந்தினால் பொறுக்காது.

உறுதி எங்கே என்றால் மனைவி கமலாசனிக்குச் சிரிப்பு வரும். கடைசி இடப்பெயர்வில் உறுதியை அலுமாரிக்குள் விட்டுவிட்டு, முன்கதவைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிய புத்திசாலி அவருடைய புருசன். முந்திய இடப்பெயர்வுகளில் திரும்பி வந்து பார்த்தால் வீடு இருக்கும், கதவு இருக்காது. இந்தமுறையாவது கதவைக் காப்பாற்றுவோம் என்று பார்த்தார். காப்பாற்றியது கதவுதான். மாத்தளனில் ஷெல்லடிக்குப் பதுங்கிய பங்கரை மூடிய அந்த முதிரை மரப் பலகையில் ஏழு சன்னங்கள் தைத்தன. கீழே இருந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள். பிறகு அந்தப் பக்கம் போக விட்டபோது, மண்ணைத் தோண்டி அதை எடுத்துவந்து, நெடுங்கேணியில் குடியிருந்த இரவல் வளவில் சாத்தி வைத்தார்.

"கதவையே கொண்டுபோகப் போறியள்?" என்றார் கமலாசனி.

"தகுந்த வேறு ஆதாரம் எண்டுதானே கிடக்கு. எங்களிட்ட வேற என்ன கிடக்கு?"

கதவுக்குச் சீற் இல்லை என்றுவிட்டான் பஸ் கொண்டக்டர். ஆகவே வெள்ளி விடியலில், எழுபது வயது மயில்வாகனத்தார் அதைச் சைக்கிள் கரியரில் குறுக்கே கட்டிக்கொண்டு புறப்பட்டார். காணி இருக்கும் வற்றாப்பளைக்கு நாற்பது கிலோமீற்றர் வரும். கதவு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததால், வாழ்நாளில் முதல்தடவையாக அரசாங்க வாகனங்கள் அவருக்கு வழிவிட்டன.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு சிப்பாய் மறித்தான்.

"எங்க போறது?"

"வீட்டுக்கு."

"இது என்ன?"

"வீடு."

சிப்பாய் கதவின் முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், தட்டியும் பார்த்தான். பிறகு கொப்பியில் எதையோ எழுதிவிட்டுப் போகச் சொன்னான்.

முள்ளியவளையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வெள்ளை வாகனம் நின்றது. இறங்கி வந்த பெண், "ஐயா, ஒரு படம் எடுக்கட்டே? கொஞ்சம் களைச்ச மாதிரி நில்லுங்கோ" என்றாள். அவர் களைத்துத்தான் நின்றார். படத்துக்கு அது போதவில்லையாம். தண்ணீர் கேட்டார், மன அழுத்தத்தை வெல்வது பற்றிய துண்டுப்பிரசுரம் கிடைத்தது. வாகனம் அவர் போகவேண்டிய பக்கமே, வெறுமையாகப் போனது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் காணியில் போய் இறங்கினார். கூடாரத்துக்குக் கீழே காணி அலுவலர் சுகிர்தன் பட்டியலோடு இருந்தான். இளம் பெடியன்.

"உறுதி?"

"இல்லை."

"வேற ஆதாரம்?"

மயில்வாகனத்தார் சைக்கிளைத் திருப்பிக் காட்டினார். சுகிர்தன் கையிலிருந்த விதிமுறைத் தாளைப் புரட்டிப் பார்த்தான்.

"சுற்றுநிருபத்தில கதவு இல்லை, ஐயா."

"வீட்டில இருக்கவேண்டியது சுற்றுநிருபத்தில எப்படித் தம்பி இருக்கும்?"

வீட்டில் கூரை இல்லை, மூன்று பக்கச் சுவரும் இல்லை. முகாமின் பெயர்ப்பலகையைத் தாங்க ஒரு சுவர் தேவைப்பட்டபடியால் முன்சுவர் மட்டும் தப்பியிருந்தது. கதவு நிலையில் மூன்று ஊசிப் பிணைச்சல்கள் கறள் பிடித்து நின்றன. கதவைத் தூக்கினால் கழலும், இறக்கினால் பூட்டும். காணி பார்க்க வந்த இரண்டு பேர் கைகொடுக்க, அவர் கதவைத் தூக்கி வைத்தார். அது இறங்கவில்லை. தோளால் ஒருமுறை அமத்தினார். மூன்று பிணைச்சலும் ஒன்றாகப் பொருந்தின.

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். அது தன் பழைய துளையைத் தானே கண்டுபிடித்தது. உள்ளே வீடு என்று சொல்ல வானமும் கொஞ்சம் நாயுருவியும்தான் இருந்தன. இத்தனை வருடமும் ஆட்களுக்கு முன்னால் அழாத மனிதர், ஒரு மறைவு கிடைத்ததும் நின்றபடியே அழுதார்.

வெளியே சுகிர்தன் வந்து நின்றான். கதவிலிருந்து நாலடியில் சுவர் முடிந்துவிடும், சுற்றி வந்திருக்கலாம். மூடிய கதவுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறதே, அவன் தட்டினான்.

"ஆரது?"

"காணி அலுவலர், ஐயா. கதவு பொருந்தினதே ஆதாரம் எண்டு பேரைப் பதிஞ்சிட்டன். கையெழுத்து வைக்கோணும், கதவைத் திறவுங்கோ."

மயில்வாகனத்தார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அலுவலர் எண்டதுக்கு ஏதாவது ஆதாரம் கொண்டுவந்தனீரோ, தம்பி?"